கடிவாளம் யாருக்கு?

திருவண்ணாமலையிலிருந்து வேலூர் போகும் சாலையில், வேங்கிக்காலில் இருக்கிறது மாவட்ட ஆட்சியர் அலுவலகம். அந்த வளாகத்துக்கு வருகிறவர்களில் ஒரு பகுதியினர் கையில் மூன்று காகிதங்களோடு நிற்பார்கள்: குடும்ப அட்டை, ஆதார் நகல், கிராம நிர்வாக அலுவலரிடம் வாங்கிய வருமானச் சான்று. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்ட அட்டைக்காக வந்தவர்கள். உடம்பு நன்றாக இருக்கும்போதே வந்து பதிந்துவைப்பவர்களும் உண்டு. ஆனால், வீட்டில் ஒருவர் படுத்த பிறகு, மருத்துவமனையில் “அட்டை இருக்கா?” என்று கேட்ட பிறகு, செங்கத்திலிருந்தும் தண்டராம்பட்டிலிருந்தும் ஜமுனாமரத்தூரிலிருந்தும் பஸ் பிடித்து ஓடிவருகிறவர்களின் முகத்தைப் பார்த்தாலே தெரிந்துவிடும். அறுவை சிகிச்சைக்கு நாள் குறித்துவிட்டார்கள். அட்டை இன்றைக்கே கிடைக்குமா என்பது மட்டுமே அவர்களுடைய கேள்வி.

மருத்துவத்தில் முடிவெடுக்க வேண்டியவர் நோயாளியா, அரசா என்று நெடுங்காலமாக ஒரு விவாதம் நடக்கிறது. எந்த மருத்துவர், எந்த மருத்துவமனை, என்ன சிகிச்சை என்பதை நோயாளி தேர்ந்துகொள்ளட்டும், அரசு ஒதுங்கிக்கொள்ளட்டும் என்கிறது ஒரு தரப்பு. உயிர் விஷயத்தைச் சந்தையிடம் விட முடியாது, எல்லாவற்றையும் அரசே நடத்த வேண்டும் என்கிறது இன்னொரு தரப்பு. காப்பீட்டு அட்டைக்காக நிற்பவர்களின் நிலையிலிருந்து பார்த்தால் இரண்டுமே பாதிதான் சரி. நம் ஊரில் அரசின் கட்டுப்பாடு கூடிப்போனது என்றோ குறைந்துபோனது என்றோ நான் சொல்ல மாட்டேன். அது தவறான ஆளின் மேல் விழுகிறது. பில் போடுகிறவரிடம் தளர்ந்தும், படுக்கையில் கிடப்பவரிடம் இறுகியும் இருக்கிறது.

அட்டையிலிருந்தே தொடங்கலாம். 2009 ஜூலையில் கலைஞர் காப்பீட்டுத் திட்டமாகத் தொடங்கி, 2012 ஜனவரியில் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டமாக மாறி, 2018-ல் மத்திய அரசின் பிரதமர் மக்கள் ஆரோக்கியத் திட்டத்தோடு இணைக்கப்பட்டது இது. 2022 ஜனவரியில் மேலும் ஐந்தாண்டுகளுக்கு நீட்டிக்கப்பட்டபோது 1.37 கோடிக் குடும்பங்கள் இதில் இருந்தன. ஆண்டுக்கு ஒரு குடும்பத்துக்கு 5 லட்சம் ரூபாய் வரை, ஆயிரத்துக்கும் மேற்பட்ட சிகிச்சை முறைகள். ஆட்சி மாறினாலும் திட்டத்தைக் கைவிடாமல் பெயர் மாற்றி வளர்த்தெடுத்ததை இரண்டு கழகங்களுக்கும் உரிய பெருமையாகவே சொல்ல வேண்டும். கூலி வேலை செய்யும் ஒருவர் இதய அறுவை சிகிச்சைக்காகத் தனியார் மருத்துவமனையின் வாசலை மிதிக்க முடிந்தது இந்த அட்டையால்தான். அதுவரை அந்தக் கதவு அவருக்கு இருந்ததே இல்லை.

கதவு திறந்த பிறகுதான் மற்றவை தெரியவரும். பட்டியலில் இருக்கும் மருத்துவமனைக்கு மட்டுமே போகலாம். பட்டியலில் இருக்கும் சிகிச்சைக்கு மட்டுமே பணம். காப்பீட்டு நிறுவனத்தின் முன் அனுமதி வந்தாக வேண்டும். சில சிகிச்சைகள் அரசு மருத்துவமனைகளுக்கென்றே ஒதுக்கப்பட்டிருக்கின்றன. ஆண்டு வருமானம் 1.2 லட்சத்தைத் தாண்டக் கூடாது. அதாவது மாதம் 10,000 ரூபாய். ஜவுளிக் கடையில் நின்று 12,000 சம்பளம் வாங்கும் ஒருவர், சட்டப்படி, உதவி தேவைப்படாத ஆள். அவர் என்ன செய்வார்? கிராம நிர்வாக அலுவலரிடம் வருமானத்தைக் குறைத்து எழுதித் தரும்படி கெஞ்சுவார். உயிர் காக்கும் திட்டத்துக்குள் நுழையப் பொய் சொல்ல வேண்டிய நிலையில் ஒரு குடும்பத்தை வைப்பதும் ஒருவகைக் கட்டுப்பாடுதான்.

இத்தனை நிபந்தனையும் நோயாளிக்கு. மருத்துவமனைக்கு? அட்டையில் சேர்த்துக்கொண்ட பிறகும் “இந்த ஊசி அட்டையில வராது”, “இந்த ஸ்கேனுக்குத் தனியாக் கட்டணும்” என்று கவுன்டரில் பணம் வாங்கிக்கொள்வது தமிழ்நாடு முழுக்கப் பழகிப்போன புகார். திட்டத்துக்கு இலவசத் தொலைபேசி எண் இருக்கிறது. புகார் கொடுக்கலாம். தியேட்டருக்குள் மனைவியை அனுப்பிவிட்டு வெளியே நிற்கிற கணவர் எந்த எண்ணை அழைப்பார்? நகையை எடுத்துக்கொண்டு அடகுக் கடைக்குத்தான் போவார்.

‘பிடிக்கவில்லை என்றால் வேறு இடத்துக்குப் போகட்டுமே’ என்பது சந்தையை நம்புகிறவர்களின் பதில். அமெரிக்கப் பொருளியலாளர் கென்னத் ஆரோ 1963-ல் எழுதிய கட்டுரையில் இதற்கு விளக்கம் இருக்கிறது. மருத்துவத்தில் வாங்குகிறவருக்குத் தனக்கு என்ன வேண்டும் என்றே தெரியாது. விற்கிறவர்தான் அதையும் சொல்கிறார். ஆகவே மற்றச் சந்தைகளின் விதி இங்கே செல்லாது என்றார். பின்னாளில் நோபல் பரிசு பெற்ற அந்த மனிதர் சொன்னதை, பிரசவ வார்டின் வராந்தாவில் ஒரு மணி நேரம் நின்றவர்கள் யாரும் புரிந்துகொள்ளலாம். “தண்ணி கம்மியா இருக்கு, பாப்பாவுக்கு மூச்சுத் திணறுது, சிசேரியன் பண்ணிடலாமா?” என்று மருத்துவர் கேட்டால், வேண்டாம் என்று எந்தத் தாய் சொல்லுவார்? அவருக்கு முன்னால் இரண்டு வழிகள் இருப்பதுபோல் தோன்றுகிறது. உண்மையில் ஒன்றுதான்.

எண்களும் இதையே சொல்கின்றன. 2019-21-ல் எடுக்கப்பட்ட ஐந்தாவது தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, இந்தியா முழுவதற்குமான சிசேரியன் விகிதம் 21.5 சதவீதம். தமிழ்நாட்டில் 44.9 சதவீதம். அரசு மருத்துவமனைகளில் 36 சதவீதம், தனியாரில் 63.8 சதவீதம். ஒரே மாநிலம், ஒரே மக்கள், ஒரே உணவு. எந்த வாசல் வழியாக உள்ளே போகிறார் என்பதைப் பொறுத்து ஒரு பெண்ணின் வயிறு கிழிபடும் வாய்ப்பு ஏறத்தாழ இரட்டிப்பாகிறது. சிக்கலான கர்ப்பங்களை அரசு மருத்துவமனைகள்தாம் கூடுதலாக ஏற்கின்றன. இருந்தும் இந்த நிலை. ஜோசியரிடம் நாள், நட்சத்திரம் பார்த்து, நல்ல நேரத்தில் எடுத்துத் தாருங்கள் என்று கேட்கும் குடும்பங்களும் இருக்கின்றன. அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் அந்தத் தேதியைக் குறித்துக் கொடுக்கச் சம்மதிக்கும் மருத்துவரும் அதில் பங்காளி. அந்தப் பேச்சு நடக்கும்போது, அடுத்த பிரசவத்தில் வரக்கூடிய சிக்கல், தழும்பு, வலி, செலவு ஆகியவற்றைப் பெண்ணிடம் உட்கார்ந்து சொன்னார்களா? சொல்லாமல் வாங்கிய சம்மதத்தைத் தேர்வு என்று எப்படிச் சொல்வது?

இதனால் அரசே எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ளட்டும் என்று முடிவுகட்டிவிடவும் முடியாது. அரசு கையில் எடுத்தபோது நம் பெண்களின் உடம்பு என்ன பாடுபட்டது என்பதற்கும் வரலாறு இருக்கிறது.

1976-ல், நெருக்கடி நிலையின்போது, ஆண்களைப் பிடித்துக் கட்டாயக் கருத்தடை செய்ததை நாடே கண்டு கொதித்தது. அதற்குப் பிறகும் அந்தக் கட்டாயம் ஓயவில்லை. ஆண்களை விட்டுவிட்டுப் பெண்களிடம் போனது. 2014 நவம்பரில் சத்தீஸ்கரின் பிலாஸ்பூரில் முகாம் போட்டு, வரிசையாகப் படுக்கவைத்துக் கருத்தடை செய்ததில் பத்துக்கும் மேற்பட்ட பெண்கள் செத்துப்போனார்கள். தேவிகா பிஸ்வாஸ் என்பவர் தொடுத்த வழக்கில் 2016 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம், இத்தகைய முகாம்களை மூன்றாண்டுகளுக்குள் நிறுத்த வேண்டும் என்றது. இலக்கு வைத்து ஆள் பிடிப்பதையும் கண்டித்தது. தமிழ்நாட்டில் பிலாஸ்பூர் நடக்கவில்லை. இங்கே மருத்துவமனைகள் ஒழுங்கானவை, மருத்துவர்கள் தேர்ந்தவர்கள். இங்கே நடப்பது ஓசையில்லாதது. பிரசவம் முடிந்த அடுத்த சில நிமிடங்களில், தாய் மயக்கமும் களைப்புமாகக் கிடக்கையில், காப்பர்-டி பொருத்திவிடுவது. சில மாதங்கள் கழித்து வயிற்று வலி என்று போனால்தான், உள்ளே ஒன்று இருப்பதே தெரியவந்தது என்று சொல்லும் பெண்களைச் சந்திக்க வெகுதூரம் போக வேண்டியதில்லை. காப்பர்-டி நல்ல சாதனம். வேண்டாத கர்ப்பத்திலிருந்து பெண்ணைக் காக்கிறது, வேண்டும்போது எடுத்துவிடலாம். அதன் நன்மையை எடுத்துச் சொன்னால் ஏற்றுக்கொள்ளும் பெண்கள் ஏராளம். பிறகு ஏன் கேட்காமல் செய்ய வேண்டும்? எண்ணிக்கை காட்ட வேண்டிய நெருக்கடி மேலே இருந்து வருவதால். பிரசவத்துக்கு நான்கு மாதங்களுக்கு முன்பே, பரிசோதனைக்கு வரும்போது கணவன் மனைவி இருவரிடமும் பேசி, தாயின் கையெழுத்தை வாங்கினால் முடிந்தது.

கர்ப்பப் பதிவு எண்ணும் இப்படித்தான். கருவுற்ற ஒவ்வொரு பெண்ணையும் பிக்மி என்ற அரசு இணையதளத்தில் பதிந்து, எண் கொடுத்து, பிரசவம் வரை கண்காணிக்கும் முறை தமிழ்நாட்டின் பெரிய சாதனை. ரத்தசோகை உள்ளவர் யார், ரத்த அழுத்தம் உள்ளவர் யார், முதல் குழந்தையைச் சிசேரியனில் பெற்றவர் யார் என்று கிராம சுகாதார செவிலியருக்கு வீடு வீடாகத் தெரியும். ஜவ்வாதுமலை போன்ற இடங்களுக்கு இதன் அருமை இன்னும் அதிகம். மழைக் காலத்தில் சாலை இல்லாத மலைக் கிராமத்திலிருந்து, வலி கண்ட பெண்ணைத் துணியில் தூளி கட்டித் தூக்கிவருவதைவிட, நாள் நெருங்கும்போதே கீழே அழைத்துவந்து தங்கவைப்பது மேல். அதற்கு அந்தப் பெண் கர்ப்பமாக இருக்கிறார் என்று அரசுக்குத் தெரிந்தாக வேண்டும். தமிழ்நாட்டில் 100-க்கு 99-க்கு மேற்பட்ட பிரசவங்கள் மருத்துவமனையில் நடக்கின்றன என்றால், பேறுகால மரணம் 2018-20 கணக்குப்படி லட்சம் பிறப்புகளுக்கு 54 என்று இறங்கியிருக்கிறது என்றால், அதில் இந்தச் செவிலியர்கள் நடந்த நடைக்குப் பெரும் பங்கு உண்டு.

ஆனால் அந்த எண் இருந்தால்தான் குழந்தைக்குப் பிறப்புச் சான்றிதழ் என்று கோத்துவிட்டது எனக்கு உடன்பாடானதல்ல. பதியாமல் போனது தாயின் தவறாகவே இருக்கட்டும். தண்டனை குழந்தைக்கு ஏன்? ஊர் விட்டு ஊர் போய்ச் செங்கல் சூளையில் வேலை செய்யும் குடும்பம், சாதி மாறிக் கல்யாணம் செய்து ஒளிந்து வாழும் பெண், கணவன் கைவிட்டவர், வெளி மாநிலத்திலிருந்து வந்த தொழிலாளி ஆகியோர்தாம் பதிவிலிருந்து விடுபடுகிறவர்கள். இவர்களை அதிகாரத்தைக் காட்டிப் பயமுறுத்தினால், இன்னும் தள்ளித்தான் போவார்கள்.

வீட்டுப் பிரசவம் பற்றிய சர்ச்சையையும் இதோடு சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். 2018 ஜூலையில் திருப்பூரில், இணையத்தில் வீடியோ பார்த்து வீட்டிலேயே பிரசவம் பார்க்க முயன்றதில் ஓர் இளம் பெண் ரத்தப்போக்கில் இறந்தார். படித்த குடும்பம். 2024-லும் சென்னைக்கு அருகே வாட்ஸ்அப் குழுவின் துணையோடு வீட்டில் பிரசவம் நடந்து பெரிய செய்தியானது. இதைத் தேர்வுரிமை என்று சிலர் வாதிடுகிறார்கள். பிரசவத்தில் ரத்தம் போக ஆரம்பித்தால் கிடைப்பது சில நிமிட அவகாசம்தான். அதற்குள் ரத்தமும் கைதேர்ந்த மருத்துவரும் வேண்டும் என்பது தெரியாமல் எடுத்த முடிவை உரிமை என்று சொல்லி ஊக்குவிப்பவர்கள்மேல் எனக்குக் கோபம் வருகிறது. அதே சமயம், இவர்களை மருத்துவமனையிலிருந்து விரட்டியது எது என்று கேட்க வேண்டாமா? ‘போனாலே கிழித்துவிடுவார்கள்’ என்ற பயம். பிரசவ அறையில் திட்டும் அடியும் வாங்கிய அக்காவும் அண்ணியும் சொன்ன கதைகள். வலியில் கத்தும் பெண்ணைக் கேட்கக் கூசும் வார்த்தைகளால் ஏசுவது இன்னும் ஒழியவில்லை. மரியாதையாக நடத்தினால் போதும்; காவல் துறையை வீட்டுக்கு அனுப்ப வேண்டிய தேவை பாதியாகக் குறைந்துவிடும்.

சில ஆண்டுகளுக்கு முன் என் சித்திக்குப் பித்தப்பைக் கல்லுக்காக அறுவை சிகிச்சை. தனியார் மருத்துவமனை ஒன்றில் சேர்த்திருந்தோம். பச்சை அங்கி மாட்டிக் கட்டிலில் உட்கார வைத்த பிறகு, ஒரு நர்ஸ் படிவத்தை நீட்டினார். நான்கு பக்கம், முழுக்க ஆங்கிலம். கையெழுத்துப் போட வேண்டிய இடங்களில் பென்சிலால் டிக் அடித்திருந்தது. “இங்க, இங்க, அப்புறம் கடைசிப் பக்கத்துல போடுங்கம்மா” என்றார். தமிழில் எட்டாவது வரை படித்த சித்தி என்னைப் பார்த்து, “என்னப்பா எழுதியிருக்கு?” என்றார். நான் வாங்கிப் படித்துச் சொல்ல ஆரம்பித்தேன். “சார், எல்லாருக்கும் இதேதான். தியேட்டர்ல கூப்பிட்டுட்டாங்க” என்றார் நர்ஸ். பாவம், அவருக்கு அந்த நேரத்தில் இன்னும் நாலைந்து பேரைத் தயார்ப்படுத்த வேண்டியிருந்தது. முதல் பக்கத்தில், என்ன அறுவை சிகிச்சை என்று எழுத வேண்டிய கோடு வெறுமையாக இருந்தது. அதன் கீழேதான் சித்தி கையெழுத்துப் போட்டார்.

சம்மதம் பற்றிய ஒரு வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போயிருக்கிறது. சமீரா கோலி என்ற 44 வயதுப் பெண் 1995-ல் தில்லியில் ஒரு பரிசோதனைக்காக மருத்துவரிடம் போனார். மயக்க மருந்து கொடுத்து லேப்ராஸ்கோப்பி செய்யும்போது, வெளியே இருந்த அவருடைய தாயிடம் சம்மதம் வாங்கிக் கர்ப்பப்பையையும் சூலகங்களையும் எடுத்துவிட்டார்கள். உயிருக்கு உடனடி ஆபத்து எதுவும் இல்லை. 2008 ஜனவரியில் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், பரிசோதனைக்குக் கொடுத்த சம்மதம் அறுவை சிகிச்சைக்குச் செல்லாது, முடிவெடுக்கும் திறனுள்ள வயதுவந்தவருக்குப் பதிலாக வேறொருவர் சம்மதம் தர முடியாது, நன்மைக்காகத்தான் செய்தேன் என்ற வாதமும் எடுபடாது என்றது. சட்டம் இப்போதும் அதுதான். ஆனால் அவர் பெற்ற நஷ்ட ஈடு 25,000 ரூபாய். அந்த அறுவை சிகிச்சைக்கான கட்டணம் மருத்துவருக்குக் கிடையாது என்றும் நீதிமன்றம் சொன்னது, அவ்வளவுதான். வயதுவந்த பெண்ணின் கருக்கலைப்புக்கு அவளுடைய சம்மதம் மட்டுமே போதும் என்று 1971-ன் மருத்துவக் கருக்கலைப்புச் சட்டம் சொல்கிறது. நம் மருத்துவமனைகள் கணவன் கையெழுத்தில்லாமல் நகர மறுக்கின்றன. நோயாளிக்குச் சட்டம் கொடுத்த தேர்வுகூட அவர் கைக்கு வந்து சேர்வதில்லை. இதைக் கொண்டுசேர்ப்பதுதான் அரசு செலுத்த வேண்டிய அதிகாரம்.

அரசு சரியான இடத்தில் கை வைத்தபோதெல்லாம் மக்களின் தேர்வு விரிந்திருக்கிறது என்பதற்கு நம்மிடமே சான்று இருக்கிறது. தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் 1994-ல் அமைந்தது. மாநிலம் முழுமைக்குமான மருந்தை ஒரே இடத்தில் டெண்டர் விட்டு, தரம் பார்த்து, மாவட்டக் கிடங்குகள் வழியே அனுப்பியது. அதற்கு முன் அரசு மருத்துவமனையில் சீட்டு எழுதிக் கொடுத்து “வெளியே வாங்கிக்கோ” என்பார்கள். இன்று சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் ஒரு மாதத்து மாத்திரையைக் கையில் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போகிறார்கள். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் அதை வீட்டு வாசலுக்கே கொண்டுவந்தது. மருந்து கம்பெனியின் விலையைக் கட்டுப்படுத்தியதால் நோயாளிக்கு ஒரு வழி பிறந்தது. இதய ஸ்டென்ட் கதையும் அப்படியே. 2017 பிப்ரவரியில் தேசிய மருந்து விலை நிர்ணய ஆணையம் உச்சவரம்பு விதிக்கும் வரை, மருந்து பூசிய ஸ்டென்டுக்கு லட்சம் ரூபாய்க்கு மேல் வாங்கினார்கள். அப்போது விதித்த வரம்பு 29,600 ரூபாய். மறுநாளே சந்தை நின்றுபோகவில்லை. அடைப்பு ஏற்பட்டவர்களின் குடும்பங்களுக்கு நிலம் மிஞ்சியது.

2021 டிசம்பரில் மேல்மருவத்தூரில் தொடங்கிய ‘இன்னுயிர் காப்போம்’ திட்டத்தையும் சொல்ல வேண்டும். சாலை விபத்தில் அடிபட்டவருக்கு முதல் 48 மணி நேரச் செலவை அரசு ஏற்கிறது. அட்டை வேண்டாம், வருமானச் சான்று வேண்டாம், தமிழ்நாட்டுக்காரராக இருக்க வேண்டும் என்பதும் இல்லை. செங்கம் வழியாகப் பெங்களூரு போகும் சாலையில் அடிபட்டுக் கிடப்பவருக்கு மருத்துவமனையைத் தேர்ந்தெடுக்கும் நினைவு இருக்காது. 108 ஆம்புலன்ஸ் எங்கே கொண்டுபோகிறதோ அங்கேதான். அந்த நேரத்தில் அரசு அவருக்காக முடிவெடுக்கலாம். எடுத்தே ஆக வேண்டும். தொற்று நோயிலும் அப்படித்தான். ஆனாலும் எல்லை உண்டு. கொரோனா தடுப்பூசியை எதிர்த்து மருத்துவர் ஜேக்கப் புலியேல் தொடுத்த வழக்கில் 2022 மே மாதம் உச்ச நீதிமன்றம், யாரையும் பிடித்து ஊசி போட முடியாது, உடம்பின்மேல் அவரவருக்கு உரிமை உண்டு, ஆனால் பிறருக்குத் தீங்கு வரும் சூழலில் அளவான கட்டுப்பாடுகளை விதிக்கலாம் என்றது. தடுப்பூசியை முழுமனதோடு ஆதரிப்பவன் நான். அந்தத் தீர்ப்பையும் அதே மனதோடு ஆதரிக்கிறேன்.

இனி, அரசு கை வைக்காமல் விட்ட இடம். தமிழ்நாட்டில் தனியார் மருத்துவமனைகளை ஒழுங்குபடுத்தும் சட்டம் 1997-ல் நிறைவேறியது. அதை நடைமுறைப்படுத்தும் விதிகள் வந்தது 2018-ல். 21 ஆண்டுகள்! சட்டம் நிறைவேறிய ஆண்டில் பிறந்த குழந்தை ஓட்டுரிமை பெற்று ஓட்டும் போட்டுவிட்டது. அந்த விதிகளின் கீழ் மருத்துவமனைகள் பதிவு செய்ய வேண்டும், இவ்வளவு இடம், இத்தனை ஊழியர் என்ற குறைந்தபட்சத் தரம் வேண்டும். நல்லது. ஆனால் வாசலில் ஏறும் நோயாளிக்குத் தெரிய வேண்டிய ஒன்று, இந்த சிகிச்சைக்கு எவ்வளவு ஆகும் என்பது. ஓட்டலில் இட்லிக்கு விலைப் பலகை இருக்கிறது. அறுவை சிகிச்சைக்கு “டாக்டர் வந்து சொல்வார்” என்பதுதான் பதில். விலையைத் தெரிந்துகொள்ளாமல் எதைத் தேர்வது?

விலையைக் கட்டுப்படுத்தினால் மருத்துவமனைகள் மூடிவிடும் என்று பயமுறுத்துகிறவர்களுக்கு 2020 ஜூன் நினைவிருக்க வேண்டும். கொரோனாவுக்குத் தனியார் மருத்துவமனைகள் வாங்கும் கட்டணத்துக்குத் தமிழக அரசு உச்சவரம்பு விதித்தது; தீவிர சிகிச்சைக்கு நாளொன்றுக்கு 15,000 ரூபாய். மீறியவர்கள் இருந்தார்கள். ஆனால் ‘இதற்கு மேல் வாங்கக் கூடாது’ என்று செய்தித்தாளைக் காட்டிக் கேட்கும் தைரியம் நோயாளியின் வீட்டாருக்கு வந்தது. அதே சமயம் மருத்துவர்களின் மனக்குறையையும் கேட்க வேண்டும். 2023-ல் ராஜஸ்தான் அரசு சுகாதார உரிமைச் சட்டம் கொண்டுவந்து, அவசர சிகிச்சையைத் தனியாரும் முன்பணம் வாங்காமல் தொடங்க வேண்டும் என்றபோது மருத்துவர்கள் வீதிக்கு வந்தார்கள். பணத்தை யார் தருவார், எப்போது தருவார் என்பது நியாயமான கேள்வி. சிறிய ஊர்களில் கணவனும் மனைவியும் மருத்துவர்களாக நடத்தும் பத்துப் படுக்கை மருத்துவமனைகளைக் கார்ப்பரேட் மருத்துவமனைகளோடு ஒரே தராசில் வைத்தால் முதலில் விழுவது அவைதாம். அவை போய்விட்டால் ஆரணிக்காரருக்கும் போளூர்க்காரருக்கும் வேலூர் பஸ்தான் மிச்சம். காப்பீட்டுத் திட்டம் மருத்துவமனைகளுக்குத் தர வேண்டிய தொகையை நாளைக் கடத்தாமல் தருவதும், அந்தத் தொகை உண்மைச் செலவுக்குப் பக்கத்தில் இருப்பதும் அரசின் பொறுப்பு.

எல்லாவற்றுக்கும் அடியில், நல்ல அரசு மருத்துவமனை பக்கத்தில் இருப்பதுதான் பெரிய தேர்வுரிமை. 2013-ல் திருவண்ணாமலையில் அரசு மருத்துவக் கல்லூரி வந்தது. அதன் மருத்துவமனையில் இலவசமாகச் செய்யும் ஒரு சிகிச்சைக்குத் தனியாரும் கண்டபடி விலை கேட்க முடியாது. நோயாளிக்கும் தெம்பு வருகிறது, “வேண்டாம் சார், பெரிய ஆஸ்பத்திரிக்கே போய்க்கிறோம்” என்று எழுந்து வர. ஆனால் நிபுணர் பணியிடங்கள் காலியாகக் கிடந்தால், ஸ்கேனுக்கு வாரக்கணக்கில் காத்திருக்க வைத்தால், அந்தத் தெம்பு போய்விடும். கனடாவில் அதுதான் நடந்தது. அரசு மருத்துவம் மட்டுமே என்று தனியார் காப்பீட்டைத் தடை செய்திருந்த கியூபெக் மாகாணத்தில், இடுப்பு மூட்டு அறுவை சிகிச்சைக்காக நீண்ட காலம் காத்திருந்த ஒருவரின் வழக்கில், 2005-ல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் அந்தத் தடை செல்லாது என்றது. காத்திருப்போர் பட்டியலில் பெயர் இருப்பது சிகிச்சை பெறுவதாகாது என்றார்கள் நீதிபதிகள். தாய்லாந்து வேறு வழியில் போனது. 2002-ல், ஒருமுறை போனால் 30 பாத் கட்டணம் என்று, மற்றத் திட்டங்களில் இல்லாத மக்கள் அனைவருக்கும் ஒரு திட்டம் கொண்டுவந்து, முதலில் பதிவு செய்த பக்கத்து மருத்துவமனைக்குத்தான் போக வேண்டும் என்று வைத்தார்கள். மாவட்ட மருத்துவமனைகளைத் திட்டத்தின் பணத்தில் பலப்படுத்தினார்கள். இருபதாண்டுகளுக்கு மேல் ஆன பிறகு, 2024-லிருந்து, அடையாள அட்டையைக் காட்டி எங்கே வேண்டுமானாலும் போகலாம் என்று படிப்படியாகத் திறந்துவிடுகிறார்கள். முதலில் அடித்தளம், பிறகு தேர்வு. நாம் தலைகீழாகச் செய்துகொண்டிருக்கிறோம் என்பது என் வருத்தம். அட்டைக்குச் செலவிடும் பணத்தில் எவ்வளவு தனியாருக்குப் போகிறது, அதே பணத்தில் செங்கத்திலும் செய்யாறிலும் வந்தவாசியிலும் இருக்கும் அரசு மருத்துவமனைகளுக்கு என்ன செய்திருக்கலாம் என்று ஆண்டுதோறும் சட்டமன்றத்தில் கணக்கு வைத்துப் பேச வேண்டும்.

பெரிய பணமோ புதுச் சட்டமோ தேவைப்படாத வேலைகளும் இருக்கின்றன. சம்மதப் படிவம் தமிழில் இல்லாத மருத்துவமனைக்குப் பதிவைப் புதுப்பிக்க மாட்டோம் என்று அரசு சொல்லலாம். சிகிச்சையின் பெயர் எழுதாத படிவத்தில் வாங்கிய கையெழுத்து செல்லாது என்று சுற்றறிக்கை அனுப்பலாம். காப்பீட்டுத் திட்டத்தில் எந்த மருத்துவமனை எந்த சிகிச்சைக்கு எத்தனை பேரைச் சேர்த்தது, எத்தனை சிசேரியன் செய்தது, எத்தனை புகார் வந்தது என்பதை மாவட்டவாரியாகத் தமிழில் அச்சடித்து ஒவ்வோர் ஆரம்ப சுகாதார நிலையத்திலும் ஒட்டலாம். காப்பர்-டிக்குத் தாயின் கையெழுத்து கர்ப்ப கால அட்டையிலேயே, பிரசவ வலி வருவதற்கு முன்பே வாங்கப்பட்டிருக்கிறதா என்று சோதிக்கலாம்.

இன்னொன்று. நோயாளியோ அவர் சார்பில் வந்தவரோ கேட்டால் 72 மணி நேரத்துக்குள் மருத்துவப் பதிவேடுகளின் நகலைத் தர வேண்டும் என்று இந்திய மருத்துவக் குழுவின் 2002-ஆம் ஆண்டு நெறிமுறைகள் சொல்கின்றன. இப்படி ஒன்று இருப்பதே நம்மில் பலருக்குத் தெரியாது. கேட்டால், “எதுக்குக் கேக்கறீங்க? எங்க மேல நம்பிக்கை இல்லையா?” என்று முகம் மாறுகிறது, பாக்கிப் பணத்தைக் கட்டினால்தான் என்கிறார்கள். அந்தக் காகிதங்கள் இல்லாமல் வேலூர் சி.எம்.சி.க்கோ புதுச்சேரி ஜிப்மருக்கோ இன்னொரு கருத்துக் கேட்கப் போகிறவர், எல்லாப் பரிசோதனையையும் முதலிலிருந்து செய்ய வேண்டும். பணமும் போகும், நாளும் போகும். இந்த 72 மணி நேர விதியைப் பெரிய எழுத்தில் எழுதி, கவுன்டருக்கு மேலே, அரசு மருத்துவமனை, தனியார் மருத்துவமனை என்ற வேறுபாடில்லாமல் மாட்ட வைக்கவும், தர மறுத்தால் மாவட்ட மருத்துவப் பணிகள் இணை இயக்குநரிடம் அன்றைக்கே புகார் கொடுக்க ஓர் ஆளை நியமிக்கவும் ஆட்சியரின் ஒரே ஓர் உத்தரவு போதும்.